வெர்னன் எழுதிய பலகை

டொர்னாடோ சுழல்காற்று வீட்டைத் துடைத்துக்கொண்டு போய் ஐந்து நாள். அரசாங்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

வெர்னனுக்கு வயிறு எரிந்தது. மகள் டார்சி எட்டு மாதக் கர்ப்பிணி. பள்ளிக்கூட ஜிம்மில் மடக்குக் கட்டிலில் கிடக்கிறாள். முதல் நாள் ஒரு அதிகாரி வந்து எத்தனை மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனதோடு சரி. ஆய்வாளர் வந்து இடிந்த வீட்டைப் படம் எடுத்தால்தான் தற்காலிக வீடு கிடைக்கும்.

"எங்கே வருவானுங்க? டோனட் தின்னவே நேரம் பத்தாது!"

பக்கத்து மனையில் ரோலண்டின் இடிந்த வீட்டுக் குவியலுக்கு முன்னால் '1419' என்று பலகை நின்றது.

"வீடே போச்சு, உனக்கு நம்பர் ஒரு கேடா?" என்று வெர்னன் நக்கலடித்தான்.

தன் மனையிலும் ஒரு பலகை காற்றில் குப்புற விழுந்து கிடந்தது. சிவப்புப் பெயின்டை எடுத்து அதன் முதுகில் எழுதினான்: 'அரசாங்கமே, வருக! கதவைத் தட்ட வேண்டாம். கதவு எங்கேயாவது கிடைத்தால் சொல்லவும்.'

தெருவைப் பார்த்து நிமிர்த்தி நட்டான். ரோலண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். ஒரே நாளில் வெர்னன் ஊர்ப் பிரபலம்.

ஒரு வாரம் கழித்து ரோலண்டின் மனையில் தற்காலிக வீடு வந்து இறங்கியது. வெர்னன் நேரே நிவாரண அலுவலகத்துக்குப் போய் மேஜையில் குத்தினான்.

"அவன் யாருக்கு என்ன கொடுத்தான்? என் பொண்ணு எட்டு மாசம்! உங்காளு ஒருத்தன் வந்தானா?"

மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த மார்வா கோப்பைப் புரட்டினாள்.

"நாலு தடவை வந்தாங்க சார். உங்க மனையில எண் பலகை இல்லை. எண் தெரியாம படம் எடுக்கக் கூடாது, அதுதான் விதி."

"நல்ல விதி! பலகைய நான் எங்க போய்த் தேடறது?"

"நாங்களே வெச்சோமே சார். மூணாம் நாளே, தெரு முழுக்க."

வெர்னன் மேஜையிலிருந்து கையை எடுத்தான்.

"இனிமே வெச்சா?"

"கடைசி வீடு இன்னிக்குக் காலையில போயிடுச்சு. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்."

வெர்னன் மனைக்கு ஓடினான். ஊரே சிரித்த பலகையைப் பிடுங்கித் திருப்பினான்.

'1417. கர்ப்பிணி இருக்கிறார். முதல் வீடு இவர்களுக்கு.'