ஞாயிற்றுக்கிழமை முகம்

"வாரத்துல ஒரே ஒரு நாள் லீவு. அதையும் நின்னுக்கிட்டே கழிக்கணுமா? படகுச் சவாரிக்குப் போலாம்னா கேக்கிறியா?" என்று முணுமுணுத்தபடியே தையல்காரர் மனைவியின் பின்னால் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தார்.

அவள் வழியில் எதையும் பார்க்கவில்லை. நேரே கடைசி அறைக்குப் போய், சுவரையே அடைத்துக்கொண்டிருந்த ஓவியத்தின் முன் நின்றாள். மூடுபனி, ஆறு, ஆளில்லாத ஒரு படகு.

"நீங்க படத்தைப் பாக்காதீங்க. இப்படித் திரும்பி என் முகத்தைப் பாருங்க. மாறுதான்னு சொல்லுங்க."

"நல்ல கூத்து! இருபது வருஷமா பாக்கிற முகந்தானே?" என்றாலும் திரும்பி நின்றார்.

ஓவியத்தின் ஓரமாக நின்ற காவல்காரப் பெண் நெருங்கி வந்தாள். "சார், படத்தை மறைக்காம..." என்றவள் சட்டென்று சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்களா! யூனிஃபார்ம் இல்லாம அடையாளமே தெரியல. லீவு நாள்லகூடவா இங்க வரணும்?"

"மத்த ஆறு நாளும் இந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே நிக்கிறேன்? கூட்டம் போனதும் விளக்கை அணைச்சிடறாங்க. இங்க வந்து நிக்கிறவங்க முகமெல்லாம் தூக்கத்துல சிரிக்கிற குழந்தை மாதிரி ஆயிடுது. எனக்கும் அப்படி ஆகுதான்னு தெரியணும்" என்றவள், படகிலிருந்து கண்ணை எடுக்காமலே கணவரைக் கேட்டாள். "மாறுதா?"

தையல்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்களேன். சொல்லிட்டா உங்க படகுச் சவாரிக்குக் கிளம்பிடலாம்."

"இரு" என்றார் அவர் மெதுவாக. "நான் இன்னும் பார்த்து முடிக்கல."