அரை டிராயரும் முழுக்கைச் சட்டையும்

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் அன்று காலை அய்யாக்கண்ணுவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மகன் ரெங்கராஜ் கடலுக்கு அடியில் போகப் போகிறான். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட்டு, சங்கு கிடக்கும் தரையை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். சர்க்கார் உத்தியோகம். இதற்கென்றே ஆறு மாதம் பயிற்சி எடுத்து வந்தவன்.

கந்தர்வக்கோட்டையில் முந்திரி போட்டுப் பிழைக்கும் குடும்பம். கடலையே பார்க்காமல் செத்துப்போனவர்கள்தான் அதில் அதிகம். அதனால் அய்யாக்கண்ணு மூன்று பஸ் மாறி, ஊர்க்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "அந்தா நிக்கிறானே, அவன் என் மகன்" என்று சொல்லி முடித்திருந்தார்.

ரெங்கராஜ் ஓர் அரை டிராயரோடு வெறும் உடம்பாக நின்றான். இருபத்து நாலு வயசு உடம்பு. சிலிண்டரைத் தூக்கி மாட்டியபோது கூட்டமே அவனைத்தான் பார்த்தது.

கூட இறங்கப் போகிறவர் ஜைனுதீன். முப்பது வருஷமாக மூச்சை அடக்கிச் சங்கு குளித்தவர். சிலிண்டர் கட்டி இறங்க ரெங்கராஜ்தான் ஒரு மாதமாக அவருக்குப் பழக்கியிருந்தான்.

அவர் வந்த கோலத்தைப் பார்த்துப் பலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து வரை பொத்தான் போட்ட கெட்டித் துணிச் சட்டை. கை மணிக்கட்டு வரை மூடியிருந்தது. கணுக்கால் வரை இறுக்கமான கால்சராய். அதற்கும் கீழே காலுறை. எல்லாம் அவர் மனைவி சாரா உம்மாள் அளவெடுத்துத் தைத்தது.

ஜைனுதீன் ரெங்கராஜிடம் வந்து, இது கூழ்போல் மிதக்கும் சொறிமீன் வருகிற பருவம், பட்டால் நெருப்பாகச் சுடும், சிலிண்டர் வாரும் தோளை அறுக்கும், உடம்பை மூடி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

ரெங்கராஜ் தணிந்த குரலில் பதில் சொல்லவில்லை. குளிர் தேசத்துக் கடலில்தான் உடுப்பு வேண்டும், நம் கடல் வெந்நீர் மாதிரி, இதற்கு வெறும் உடம்பே போதும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அய்யாக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன பாய், முந்திரிக்காட்டுல பொறந்த பய தொறந்த உடம்போட எறங்குறான். கடக்கரையில பொறந்த நீங்க கல்யாண மாப்பிள்ளை கணக்கா மூடிக்கிட்டு வாரீங்க?"

கூட்டம் சிரித்தது. ஜைனுதீனும் சேர்ந்து சிரித்தார்.

"வயசாயிருச்சுல்லங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறிக்கொண்டார்.

வள்ளம் புள்ளியாகி மறைந்தது. வெயில் ஏறியது. அய்யாக்கண்ணு உட்காரவே இல்லை. மீன் வாங்க வந்தவர்கள், வலை உலர்த்துகிறவர்கள், ஒருவரையும் விடாமல் பிடித்து மகன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து வள்ளம் திரும்பியது.

ரெங்கராஜ் முதலில் குதித்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சங்குக் கணக்கு எழுதிய பலகை கையில் இருந்தது. அய்யாக்கண்ணு முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

பிறகு ஜைனுதீன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து மெல்ல இறங்கினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கழுத்திலிருந்து காது வரை சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த தடிப்புகள். காலை ஊன்றவே சிரமப்பட்டார்.

"சொறி பட்டிருக்குடோய்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அய்யாக்கண்ணு விடவில்லை. "மூடிக்கிட்டுப் போனவரைப் பாருங்க, தொறந்துக்கிட்டுப் போன என் சிங்கத்தையும் பாருங்க" என்று ஊர்க்காரர்களிடம் மகனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"ஆமாங்க, தம்பி பக்கமே அது வரலை" என்று சொல்லிவிட்டு ஜைனுதீன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

ரெங்கராஜ் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, நில்லுங்க."

ஜைனுதீன் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். ரெங்கராஜ் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"அப்பா, அங்கிட்டுத் தண்ணி பூரா சொறியா இருந்துச்சு. திரும்பிருவோம்னு இவரு சொன்னாரு. ஊரே கரையில நிக்கிது, எந்த மூஞ்சியோட திரும்புறதுன்னு நான்தான் அடம் புடிச்சேன். கடலுக்குள்ள இந்தச் சட்டை, கால்சராய் எல்லாம் என் உடம்புல இருந்துச்சுப்பா. இவரு என் டிராயரோட வந்தாரு. கரை தெரியவும் மறுபடி மாத்திக்கிட்டாரு."

நாலு ஊர்க்காரர்களும் மணலைப் பார்த்தார்கள்.

அய்யாக்கண்ணு ஜைனுதீனிடம் போனார். அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டார்.

ஜைனுதீனுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. "பெத்தவுக முன்னாடி புள்ளை தலை குனியக் கூடாதுன்னு பாத்தேங்க. தம்பி இப்புடிப் போட்டு ஒடைச்சிருச்சு."

அய்யாக்கண்ணு திரும்பி மகனை ஒரு முறை பார்த்தார்.

"குனியலை பாய். என் மகன் இப்பத்தான் நிமிந்து நிக்கிறான்."