கன்னத்தில் மூன்று வெட்டு

"'அந்த சலூன் பக்கம் யாரும் போகாதீங்க. ஆளுக்குக் கை நடுங்குது, காலங்காத்தாலயே ஊத்திக்கிறான் போல'ன்னு நம்ம குடியிருப்பு குரூப்புல போட்டது நீங்கதானேம்மா?"

வாசலில் நின்று சலூன்காரர் வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்.

"நானேதான். பொய்யா எழுதிட்டேன்? மணிக்கட்டுல பட்டை கட்டியிருக்கீங்களே, அது என்ன, அழகுக்கா?"

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கும்மா. கட்டை விரல்லேர்ந்து மூணு விரல் மரத்துப்போகுது. அவ்வளவுதான்."

"மரத்துப்போன கை நடுங்காம என்ன செய்யும்?"

"நானும் அப்படிப் பயந்துதான் டாக்டர்கிட்ட ஓடினேன். 'மரத்துப்போறது வேற, நடுங்கறது வேற. உனக்கு நடுக்கமே இல்லய்யா'ன்னு சொல்லி அனுப்பிட்டார்."

கையை நீட்டிக் காட்டினார். ஆணி அடித்த மாதிரி நின்றது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"வித்தை காட்டாதீங்க. என்னங்க, இங்க வாங்க! கன்னத்தைக் காட்டுங்க இவருக்கு."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், ஸ்கூல் பஸ் டிரைவர் சட்டையோடு வேண்டாவெறுப்பாக வந்து நின்றார். கன்னத்தில் மூன்று வெட்டு. ஒன்று இன்னும் காயவில்லை.

"பாத்துக்குங்க உங்க கைவண்ணத்தை! வாரம் மூணு நாள் உங்ககிட்ட ஷேவ் பண்ணிக்கிட்டு இப்படித்தான் வந்து நிக்கறார். 'விடும்மா, பாவம், அவருக்குக் கை நடுங்குது'ன்னு உங்களுக்குப் பரிஞ்சு வேற பேசறார்!"

"என் கடையிலயா?" சலூன்காரர் குரல் உயர்ந்தது. "நான் கத்தியைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சும்மா. மரத்த விரலோட இன்னொருத்தர் கழுத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னு நானே நிறுத்திட்டேன். மெஷின் கட்டிங் மட்டும்தான். கண்ணாடியில எழுதி ஒட்டியிருக்கேன், வந்து பாருங்க."

"அப்ப இது?"

சலூன்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஒவ்வொரு வெட்டுலயும் ரெண்டு ரெண்டு கோடு இருக்கு பாருங்க. ரெட்டை பிளேடு ரேசர். வீட்டுல வச்சு அவங்கவங்க பண்ணிக்கிறது. என்கிட்ட இருந்தது ஒத்தைக் கத்தி."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார். அவள் வெடுக்கென்று இழுத்தாள்.

கை நடுங்கியது. அவள் இறுக்கிப் பிடித்த பிறகும் நிற்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"ஆறேழு மாசம் இருக்கும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு, சலூன் போறேன்னு சொல்லிட்டு பஸ்ஸுல உக்காந்து கண்ணாடியைப் பாத்து நானே ஷேவ்..."

"எங்கிட்ட ஏங்க சொல்லலை?"

"அடுத்த மாசம் மெடிக்கல் செக்கப் இருக்கு. அதுக்குள்ள சரியாயிடும்னு பாத்தேன். தெரிஞ்சா வேலை போயிடும்டி."

"அதுக்கு இவர் தலையில கட்டுவீங்களா?"

"அவர்தான் ஏற்கெனவே கையில பட்டை போட்டிருக்காரே. சொன்னா எல்லாரும் நம்புவாங்கன்னு..."

நம்பினார்கள். நேற்று முழுக்க சலூனுக்கு வந்தது ஒரே ஒருவர், அதுவும் வழி கேட்டு.

அவள் போனை எடுத்தாள். எடுத்தாளே தவிர, எழுத விரல் வரவில்லை. சலூன்காரர் கை நடுங்கவில்லை என்று போட்டால், பின்னே யார் கை என்று குரூப்பே கேட்கும்.

கணவர் மணியைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்தார். அது கிலுகிலுவென்று ஆடியது.

சலூன்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"குரூப்புல நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்மா. என் கடை எப்படியோ போகட்டும். சார், கீழே நாப்பது பிள்ளைங்க பையை மாட்டிக்கிட்டு நிக்குதுங்க. அந்தச் சாவியை எங்கிட்ட கொடுங்க."