இன்னொண்ணு எடுங்க மாமா

படத்தில் மகள் கண்ணை மூடிவிட்டாள்.

"இன்னொண்ணு எடுங்க மாமா," என்றான் மாப்பிள்ளை, போனை வாங்கிப் பார்த்துவிட்டு.

அவர் திரும்பவும் போனைத் தூக்கிப் பிடித்தார்.

திரையில் கடல். கடலுக்கு மேலே பாறை. பாறையில் மஞ்சளும் சிவப்புமாக, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். நடுவில் அவருடைய மகள் கோமதி. அவள் தோளைச் சுற்றி மாப்பிள்ளையின் கை.

அந்தக் கையின் கட்டைவிரல்தான்.

அவளுடைய சட்டைக் கைக்குக் கீழே, சதை மென்மையாக இருக்கும் இடத்தில், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது. பார்ப்பவர்களுக்கு அணைப்பு. பெற்றவருக்குத் தெரியாதா?

"சிரி," என்றான் அவளிடம். அத்தனை இதமான குரல்.

அவள் சிரித்தாள்.

அவர் அமுக்கினார். கண் அந்தக் கட்டைவிரலிலேயே இருந்ததில் போன் ஆடித் தொலைத்தது. படம் கலங்கிவிட்டது.

"இன்னொண்ணு."

இத்தாலிக்கு வந்துவிட்டு இந்தக் கடலோரக் கிராமத்தைப் பார்க்காமல் போனால் வந்ததே வீண் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு மிலானில் வேலை. மாமனாருக்கு விசா எடுத்ததும் டிக்கெட் போட்டதும் அவன்தான். பார்த்தே தீர வேண்டிய இடங்களையெல்லாம் போனில் வரிசையாக வைத்திருந்தான்.

காலையில் படகு டிக்கெட்டை ஓட்டலிலேயே மறந்துவிட்டு வந்தாள் கோமு. நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படம் எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டான்.

எலுமிச்சைத் தோட்டத்துப் படிக்கட்டில் ஒன்று. சந்துக்குள் இழுத்துக் கவிழ்த்திருந்த மீன்படகுகளுக்கு முன்னால் ஒன்று. கடலைப் பார்த்த தேவாலய வாசலில் மூன்று, வெளிச்சம் சரியில்லை என்று.

ஒவ்வொன்றும் உடனுக்குடன் சங்கரன்கோவிலுக்குப் பறந்தது. அங்கிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. மாப்பிள்ளை அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஓடவிட்டான்.

"ஏங்க, ராத்திரி ரெண்டு பேருக்கும் சுத்திப் போடுங்க. ஊர்க்கண்ணு பூரா பட்டிருக்கும்."

கேட்டுவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான்.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். ஒரு அதட்டல் போட்டால் போதும், டீயை அப்படியே வைத்துவிட்டு டிரைவர்கள் வண்டியை எடுப்பார்கள். அந்த வாய் இப்போது எங்கே போனது? சட்டையைப் பிடித்து ஓங்கி ஒன்று விட்டால் என்ன?

விடலாம். நாளை மறுநாள் அவருக்கு விமானம். ஏறி உட்கார்ந்து போய்விடுவார். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் இவளை என்ன பாடு படுத்துவானோ.



"கால் வலிக்கி மாப்ள. போதுமே."

"அடடா, உக்காருங்க மாமா."

அவனே குனிந்து அவருடைய ஷூ நாடாவைத் தளர்த்திவிட்டான். தண்ணீர் வாங்க ஓடினான். தங்கமான பிள்ளை என்று ஊரே சொல்லும். கல்யாணத்தன்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவரும்தான் சொன்னார்.

அவன் கடைக்குள் நுழைந்ததும் மகளின் கையைப் பிடித்தார்.

"காட்டு தாயி."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க. சட்டுனு அமுக்கிருங்க."

 மடியில் போட்டு வளர்த்த பிள்ளை, அப்பனிடம் கேட்டது இவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் யோசிக்கவில்லை. தூக்கினார், அமுக்கினார். ஒன்றில் அவன் தலை பாதி காணோம். ஒன்றில் கடல் சாய்ந்து கிடந்தது.

"அவசரப்படாதீங்க மாமா. இன்னொண்ணு."

நிதானமாக எடுத்தால் எடுக்கும்வரை அவளுக்கு வலி. வேகமாக எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அலை அடிக்காமல் இருக்கக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதன்மேல் நடந்து நுனிக்குப் போனார்கள்.

"இதான் கடைசி மாமா. இங்கேருந்து பாத்தாதான் ஊரு முழுசாத் தெரியும்."

அவன் அவளைப் பக்கத்தில் இழுத்தான்.

இனி முடியாது என்றாகிவிட்டது அவருக்கு. ஓரமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் உள்ளூர்ப் பெண்மணியிடம் போனை நீட்டினார். எங்களை எடு என்று கையைக் காட்டினார்.

"நானும் நிக்கேன் மாப்ள. ஒரு படத்துலயாவது இருக்கேனே."

சொல்லிக்கொண்டே போய் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து நின்றார்.

மகள் அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம். நடுவில் அவர்.

அப்பாடா என்றிருந்தது. காலையிலேயே இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி போனை உயர்த்தினாள்.

அவர் முதுகில் ஏதோ ஊர்ந்தது.

மாப்பிள்ளையின் கை. அது அவர் தோளில் நிற்கவில்லை. முதுகைக் கடந்து அந்தப் பக்கம் போனது. நீளமான கை.

கோமு மூச்சை உள்ளே இழுப்பது அவருக்குக் கேட்டது.

"சட்டுனு எடுத்துரும்மா," என்றார் அந்தப் பெண்மணியிடம், தமிழில். "ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் அவரைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தாள். தேவாலயக் கோபுரமும் படத்தில் விழட்டும் என்று, ஐஸ்கிரீமை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பொறுமையாகப் பின்னால் நகர்ந்தாள்.