யாரும் சொல்லாத பதில்

இக்காலக் கலைஞர்களைப் பற்றித் தொடர் எழுதுவதில் அந்தப் பத்திரிகைக்காரர் கில்லாடி. பேட்டிக்குக் கிளம்பும்போதே பாதிக் கட்டுரை மனசுக்குள் தயாராகிவிடும்.

ஓவியரின் அறையில் டர்பென்டைன் வாசனை மூக்கைத் துளைத்தது. ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஒரு படைப்பு உங்களுக்குள்ள எப்படிம்மா பிறக்குது?"

விரலில் ஒட்டிய வண்ணத்தைத் துணியில் துடைத்தபடி அந்த அம்மாள் சொன்னார்: "நான் எதையும் படைக்கிறதில்லை. வெறுமை கூப்பிடுது, போறேன்."

பத்திரிகைக்காரருக்குப் புல்லரித்தது.

"எப்போ நிறுத்துவீங்க?"

"மௌனம் போதும்னு சொல்லும்போது."

"அடடா! எத்தனையோ கலைஞர்களைப் பார்த்துட்டேன். யாரும் இப்படிச் சொன்னதே இல்லைம்மா!"

"தெரியும். யாருமே சொல்லலை" என்றார் ஓவியர். "போன மாசம் உங்க தொடர்ல ஒரு சிற்பி சொன்னதா ரெண்டு பதிலும் வந்துச்சு. அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்."

பத்திரிகைக்காரர் அசடு வழிந்தார். "பெரிய கலைஞர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிக்கிறாங்க..."

"அந்தச் சிற்பி என் கூடப் பிறந்தவன். 'காலையில உளியை எடுப்பேன், கை வலிச்சா வச்சிடுவேன்னுதான் சொன்னேன். அதுல ஒரு வார்த்தைகூட வரலையேக்கா'ன்னு ஒரு வாரம் புலம்பினான்."

பத்திரிகைக்காரர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

ஓவியர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்ப என் பதிலைச் சொல்றேன். முதல்ல அந்த ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க தம்பி."