வட்டத்தாளைச் சுற்றி

சரியாக வேகாத கோழிக்கறியைத் தின்று, வயிற்றால் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஒரு குழந்தை. அதன் வயிற்றுக் கிருமிகளை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மருந்து கேட்குமா என்று பார்க்க, நடுவில் மருந்தில் தோய்ந்த சின்ன வட்டத்தாளை வைத்துவிட்டுப் போனார் ஆய்வாளர் குழலி.

வட்டத்தாளுக்கு ஒரே மிதப்பு. முன்பெல்லாம் அது உட்கார்ந்தாலே போதும், சுற்றியுள்ள கிருமிகள் செத்து வெட்டவெளியாகிவிடும்.

காலையில் பார்த்தால், ஒரு கிருமி அதன் தோளில் சாய்ந்திருந்தது.

"தள்ளி நில்லுடா! நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன மாமா? கோழிப்பண்ணையில தினமும் தீவனத்தோட வருவீங்களே. எங்காளுங்க கொத்துக்கொத்தாச் செத்தாங்க. தப்பிச்சவங்க பிள்ளைங்கதான் நாங்க."

"நீ குழந்தை வயித்துல இருந்தவன். உனக்கும் பண்ணைக்கும் என்னடா?"

"பக்கத்துத் தட்டுல இருக்கிறவன் கறிக்கடையில, அந்தப் பண்ணைக் கோழியில பிடிபட்டவன். எங்க ரெண்டு பேர் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஒரே வம்சமாம்."

"பண்ணையில கோழிக்கு என்ன சீக்கு?"

"சீக்கே இல்ல மாமா. சீக்கிரம் கொழுக்கட்டும்னு உங்களைக் கொட்டினாங்க. நீங்களும் வந்தீங்க."



குழலி அளவுகோலோடு வந்தார். தாளைச் சுற்றியுள்ள வெட்டவெளியை அளக்க வேண்டும். கோலை வைத்தார். அளக்க எதுவும் இல்லை. போனை எடுத்தார்.

"டாக்டர், குழந்தைக்கு இந்த மருந்து கேட்காது. வேற ஏதாவது பாருங்க."

யார் கண்ணிலும் படாதபடி தட்டை மூடித் தொலைக்கமாட்டாரா என்றிருந்தது வட்டத்தாளுக்கு.

மூடினார். கண்ணாடி மூடி.