துணியில் ஒட்டாத சிவப்பு

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவள் எதிர்க் கடைக்காரி. மருமகள் செய்தது அதற்கு அப்புறம்தான்.

எங்களுடையது சலவைக் கடை. எதிரில் அவள் அழகு சாமான் கடை போட்டாள். போட்டவள் சும்மா இருந்தாளா? லிப்ஸ்டிக், கன்னத்தில் பூசும் சிவப்பு க்ரீம் எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் திறந்து வைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் "சும்மா பூசிப் பாருங்க" என்று கூப்பிட்டாள்.

டீ வாங்கப் போன என் மருமகள், உதடும் கன்னமும் பழுத்த மிளகாயாகத் திரும்பி வந்தாள்.

"நல்லாருக்கா மாமா?"

"எந்த நாடகத்துல வேஷம்?"

அவள் சட்டை மடிக்கப் போய்விட்டாள்.

சட்டை மடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலரை முகவாயில் இடுக்கிக்கொண்டால்தான் இரண்டு கையும் மடிக்கக் கிடைக்கும். அவளும் அப்படித்தான் மடித்தாள். அத்தனையும் ஓட்டல் சிப்பந்திகளின் வெள்ளைச் சட்டைகள்.

மறுநாள் ஓட்டல் மேனேஜர் ஒரு சட்டையோடு நேரிலேயே வந்துவிட்டார். காலரில் சிவப்புத் தீற்றல்.

"பெரியவரே, இதைப் போட்டுக்கிட்டுப் போனவனை அவன் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே விடல. இன்னொரு சட்டை இப்படி வந்துச்சுன்னா, எங்க துணி வேற கடைக்குப் போயிடும்."

ஓட்டல் துணி போனால் எங்கள் கடைக்குப் பூட்டுதான்.

"சாயம் வேணுமா, வேலை வேணுமா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"ரெண்டும் வேணும் மாமா."

மகன் தலையைத் தூக்காமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கும் அப்பனுக்கும் நடுவில் மாட்டினால் அவனுக்குக் காது கேட்காது.

"வேலை செய்யுற இடத்துல எதுக்கும்மா இந்த ஆசை?"

"எதுக்கோ. துணியில ஒட்டாத சிவப்பாக் கண்டுபிடிச்சா விடுவீங்களா?"

"கண்டுபிடி, பாக்கலாம்."

பிடிவாதக்காரி. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

ரோஜா இதழை எண்ணெயில் காய்ச்சிப் பூசினாள். ஒரு கிழிந்த தலையணை உறையை முகவாயில் இடுக்கிப் பார்த்தாள். உறையில் எண்ணெய் வட்டம்.

"சாயக் கறையாவது போகும். இது அதைவிட மோசம்," என்றேன்.

"தெரியும் மாமா," என்று முகத்தைக் கழுவினாள்.

அடுத்து மாதுளைத் தோல். உதடு துருப்பிடித்த ஆணி மாதிரி ஆனது. அதற்கடுத்து பீட்ரூட் சாறு. அது வாயோரம் வழிந்தது.

"யாரையாவது கடிச்சிட்டியா?" என்றேன்.

காது கேட்காத மகன்கூடச் சிரித்துவிட்டான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறுபடியும் பீட்ரூட்டைச் சீவினாள்.

எதிர்க் கடைக்காரி விடுவாளா? "புது நிறம் வந்திருக்கு, வா வா," என்று கூப்பிட்டாள். மருமகள் தட்டின் முன்னால் நின்றதை நான் இங்கிருந்தே பார்த்தேன். கை நீண்டது. அப்புறம் அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. ஆசையாத்தான் இருக்கு. எங்க துணிக்கு ஆகாது."

கடைசியில் பிடித்துவிட்டாள். பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, உதட்டில் தடவி, காயவிட்டு, தண்ணீரில் அலசினாள். சாறு போனது, நிறம் நின்றது. கன்னத்துக்கு வெந்நீர் ஆவியும் ஒரு முரட்டுத் துண்டும் போதும் என்றாள். அழுத்தித் துடைத்தால் தானாகச் சிவக்குமாம்.

முகவாயில் இடுக்கி எடுத்த தலையணை உறையை என்னிடமே நீட்டினாள். தும்பைப் பூவாக இருந்தது.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே எனக்குக் குறையாக இருந்தது.

மறுநாள் அவளுடைய அம்மா மகளைப் பார்க்க வந்தாள். சம்பந்தியம்மாள் வருகிற தகவல் தெரிந்ததுமே மருமகள் பின்கட்டில் ஆவி பிடித்து, துண்டால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள். சம்பந்தியம்மாள் மகளின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் தக்காளி பொறுக்குவது மாதிரி.

"போன தடவை வெளிறிப் போய்க் கிடந்தா சம்பந்தி. எனக்குத் தூக்கமே பிடிக்கல. இன்னிக்குக் கையோட கூட்டிட்டுப் போயிடணும்னுதான் வந்தேன். இப்பப் பாத்தா செக்கச்செவேல்னு இருக்கா. நல்லா வச்சிருக்கீங்க."

"நம்ம வீட்டுப் பொண்ணாச்சே. விட்டுடுவோமா?" என்றேன்.

அவள் நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

பஸ் நகர்ந்ததும் மருமகள் அழுக்குத் துணி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கன்னத்துச் சிவப்பு வடிந்துகொண்டே போனது. உதட்டைத் தவிர முகமெல்லாம் வெளுப்பு.

"என்னடா இது?" என்று மகனைக் கேட்டேன்.

"ரத்தம் கம்மியா இருக்காம்ப்பா. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யக் கூடாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார்."

"அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?"

மருமகள்தான் பதில் சொன்னாள். "வெளுத்த முகத்தோட பாத்தா அம்மா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க மாமா. வேலை வாங்கியே மருமகளை விரட்டிட்டார்னு நாலு பேர் உங்களைப் பேசுவாங்க. அந்தப் பேரு உங்களுக்கு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதை முதல்லயே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா உக்கார விட்டிருப்பீங்களா மாமா?"

மகன் முன்னாலேயே கேட்டாள்.

கல்லாவில் இருந்த என் நாற்காலியை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய் அவளுடைய மேசைக்குப் பின்னால் போட்டேன். நான் நின்றுகொண்டுதான் ரசீது எழுதுகிறேன். ஆனால் கேட்ட அந்தக் கேள்விக்கு அவள் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.